பெயர், எண், குரல்: முதல் உலகப்போர்ச் சிப்பாய்களின் வீட்டுக் கடிதங்களும் செங்கம் நடுகல் மரபும்

ஆய்வுச் சுருக்கம்

முதல் உலகப்போரில் பிரான்சு களத்தில் நின்ற இந்தியச் சிப்பாய்கள் தம் குடும்பத்தினர்க்கு எழுதிய கடிதங்களின் பகுதிகள், ஆங்கில அரசின் அஞ்சல் தணிக்கை அலுவலகத்தால் மொழிபெயர்க்கப்பட்டு இன்றும் ஆவணமாக உள்ளன. அவற்றைத் தமிழ் இலக்கிய மரபு தரும் கருவிகளைக் கொண்டு எவ்வாறு வாசிக்கலாம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் நடுகற்கள் வீரனின் பெயரைக் காத்தன. முதல் உலகப்போரின் நினைவுப் பலகைகள் பல அவனை எண்ணாக்கின. தணிக்கைக் கோப்பு அவன் குரலை, அவனது மொழியிலிருந்து பிரித்துச் சேமித்தது. இம்மூன்றையும் ஒப்பிடும் இக்கட்டுரை, சிப்பாயின் கடிதம் அகம், புறம் என்னும் பகுப்பின் எல்லையில் நிற்கும் பனுவல் என்றும், அதன் மதிப்பு வீர உரையைவிட அன்றாடச் செய்தியிலேயே மிகுதியாக உள்ளது என்றும் வாதிடுகிறது. தமிழ்ச் சிப்பாய்க் குடும்பங்களிடம் எஞ்சியிருக்கக்கூடிய கடிதங்களைத் தொகுக்க வேண்டியதன் தேவையும் சுட்டப்படுகிறது.

திறவுச் சொற்கள்: சிப்பாய்க் கடிதங்கள், தணிக்கை, நடுகல், பாசறை, முல்லை, மொழிபெயர்ப்பு, திருவண்ணாமலை.

முன்னுரை

போரைப் பற்றிய தமிழ் எழுத்து மிகத் தொன்மையானது. வெட்சி முதல் வாகை வரையிலான திணைகளும் பரணியும் உலாவும் வில்லுப்பாட்டும் கதைப்பாடலும் போரைப் பல நிலைகளிலிருந்து பாடியுள்ளன. ஆயினும் இவற்றுள் பெரும்பாலானவற்றில் வீரனைப் பற்றிப் பிறர் பேசுகின்றனர். புலவன் பாடுகிறான், தாய் பெருமை கொள்கிறாள், மனைவி கையறுநிலையில் புலம்புகிறாள். படையில் கடைநிலையில் நின்றவன், தான் கண்டதைத் தன் வீட்டாருக்குத் தானே சொல்லும் நிலை மரபிலக்கியத்தில் அரிது. அந்நிலையைப் பெருமளவில் உருவாக்கியவை அஞ்சல் முறையும் நவீனப் படையமைப்பும் ஆகும்.

சிப்பாய்க் கடிதங்கள் இதுவரை பெரும்பாலும் வரலாற்றாய்வின் சான்றுகளாகவே பயன்பட்டு வந்துள்ளன. டேவிட் ஓமிசி 1999-இல் பதிப்பித்த தொகுப்பு, 650-க்கும் மேற்பட்ட கடிதப் பகுதிகளை ஆய்வாளர் கைக்குக் கொண்டுவந்தது. சந்தனு தாஸ் 2018-இல் வெளியிட்ட நூல் கடிதங்களோடு ஒலிப்பதிவு, பாடல், நிழற்படம், பொருள்கள் ஆகியவற்றையும் சேர்த்து ஆராய்ந்தது. இவ்விரு பணிகளும் வகுத்த பாதையில் தமிழ் ஆய்வு எழுப்ப வேண்டிய வினாக்கள் இரண்டு. இக்கடிதங்களைப் பனுவல்களாக வாசிக்கத் தமிழ் மரபு தரும் கருவிகள் எவை? இத்தொகுதியில் தமிழ்ச் சிப்பாயின் குரல் ஏன் அரிதாயிற்று?

இவ்வினாக்களைத் திருவண்ணாமலை வட்டாரத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. போரில் இறந்தவனை நினைவிற்கொள்ளும் தமிழ் முறைக்கு மிகச் செறிவான சான்றுகள் கிடைத்த பகுதிகளுள் இது ஒன்று. படைப்பணிக்கு ஆள் அனுப்பும் வழக்கம் இன்றளவும் தொடரும் வட்டாரமும் இதுவே.

1. செங்கம் நடுகற்கள்: பெயர் காத்த மரபு

மலைபடுகடாத்தின் பாட்டுடைத் தலைவனாகிய நன்னனின் செங்கண்மாவே இன்றைய செங்கம் என்பது அறிஞர் கருத்து. அந்நூலிலேயே வழியிடை நடுகற்கள் குறிக்கப்படுகின்றன. இப்பகுதியில் கண்டறியப்பட்ட நடுகற்களின் கல்வெட்டுகள், இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையால் 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் பெயரில் வெளியிடப்பட்டன. அவற்றுள் பல சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன் ஆகிய பல்லவ மன்னர்களின் ஆட்சியாண்டுகளைக் கொண்டவை; வட்டெழுத்தில் அமைந்தவை.

இக்கல்வெட்டுகளின் மொழிக்கட்டமைப்பு சுருக்கமானது. மன்னனின் ஆட்சியாண்டு, ஆண்ட தலைவன், ஊர், நிகழ்ந்த பூசல், வீரனின் பெயர், அவன் பட்ட செய்தி என்ற வரிசையில் அது செல்கிறது. தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்னும் ஆறு நிலைகளில், கல்லில் பெயரும் பீடும் பொறித்தல் முதன்மையான செயலாகிறது. புகழ் என்பது பெயர் நிலைத்தலே என்ற கருத்து இங்கு எழுத்துருப் பெறுகிறது.

செங்கம் பகுதியைச் சேர்ந்த எடுத்தனூர் நடுகல் இதற்குச் சிறந்த சான்று. மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல், கருந்தேவக்கத்தி என்னும் வீரன் இறந்ததைக் கூறுகிறது. அவனோடு நின்று கள்வர் இருவரைக் கடித்த கோவிவன் என்னும் நாயின் பெயரையும் கூறுகிறது; நாயின் உருவமும் கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. ஒரு சிற்றூர்ப் பூசலில் நாயின் பெயரும் பதிவுக்கு உரியதாயிற்று என்பது இம்மரபின் அறத்தைக் காட்டுகிறது.

இம்மரபின் எல்லையும் கருதத்தக்கது. நடுகல் வீரன் பேசுவதில்லை. அவன் அஞ்சினானா, வீட்டை நினைத்தானா, யாரிடம் எதை ஒப்படைத்தான் என்பன கல்லுக்குப் புறம்பானவை. நடுகல் பெயரைக் காத்தது. குரலைக் காப்பது அதன் நோக்கமாக இருக்கவில்லை.

2. எண்ணாகிய வீரர்

முதல் உலகப்போர்க் காலத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் படைவீரராகவும் படைத் தொழிலாளராகவும் கடல்கடந்து சென்றனர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்படையில் தமிழரின் பங்கு 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே குறைக்கப்பட்டிருந்தது. ‘போர்க்குடிகள்’ என்னும் காலனியக் கோட்பாடு பஞ்சாபியரையும் கூர்க்கரையும் பத்தானியரையும் இயல்பான வீரர்களாகக் கருதியது, தென்னிந்தியரைப் பின்தள்ளியது. 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபு இக்கோட்பாட்டின் முதன்மையான பரப்புநர். இதனால் மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் பல கலைக்கப்பட்டன. எனினும் மதராஸ் சாப்பர்கள் என்னும் பொறியியற் படையினர் மெசபடோமியாவில் பணியாற்றினர். 63-ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் போரிட்டது.

போருக்குப் பின் நிறுவப்பட்ட நினைவுச் சின்னங்களின் மொழி செங்கம் கற்களின் மொழிக்கு நேர்மாறானது. மதராஸ் மாகாணத்து ஊர்கள் சிலவற்றில் இன்றும் காணப்படும் சிறு பலகைகள், 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு அவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று மட்டும் கூறுகின்றன. சென்றவர் யார், மாண்டவர் யார் என்பதை அவை சொல்வதில்லை. 1929-இல் திறக்கப்பட்ட பாஸ்ரா நினைவுச் சின்னம் மெசபடோமியக் களத்தில் மாண்ட 40,000-க்கும் மேற்பட்டோரை நினைவுகூர்கிறது. அங்கு ஆங்கிலேய வீரரின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்களோ எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர். இப்பாகுபாட்டைப் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. இந்தியப் பெயர்கள் பொறிக்கப்பட்ட சின்னங்களும் உண்டு. 1927-இல் பிரான்சின் நூவ் ஷப்பேலில் திறக்கப்பட்டது அவற்றுள் ஒன்று. ஆகவே பெயர் பொறித்தல் இயலாத செயலாக இருக்கவில்லை. எங்கே பொறிப்பது, யாருக்குப் பொறிப்பது என்னும் தேர்வே பாகுபாட்டை உண்டாக்கியது.

3. தணிக்கைக் கோப்பு உருவான சூழல்

இந்தியப் படையினர் 1914 செப்டம்பர் இறுதியில் மார்சேய் துறைமுகத்தில் இறங்கினர். அக்டோபரில் ஈப்ர் களத்திலும் 1915 மார்ச்சில் நூவ் ஷப்பேலிலும் செப்டம்பரில் லூஸ் களத்திலும் போரிட்டனர். காலாட்படைப் பிரிவுகள் 1915 இறுதியில் மெசபடோமியாவுக்கு மாற்றப்பட்டன. குதிரைப்படையினர் 1918 தொடக்கம் வரை பிரான்சில் இருந்தனர்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் 1913-இல் தோன்றிய கதர் இயக்கத்தின் எழுத்துகள் அஞ்சல்வழி சிப்பாய்களை அடையும் என்ற அச்சமே தணிக்கை அலுவலகத்தின் தோற்றத்துக்குக் காரணம். அதற்கு இ. பி. ஹோவெல் தலைமை தாங்கினார். புலோன் நகரிலிருந்து அது இயங்கியது. சிறு குழுவொன்று கடிதங்களில் ஒரு பகுதியைப் படித்து, குறிப்பிடத்தக்க பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து, படையினரின் மனநிலை பற்றிய அறிக்கையோடு மேலிடத்துக்கு அனுப்பியது. அவ்வறிக்கைகள் இன்று பிரித்தானிய நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் உள்ளன. மூலக் கடிதங்கள் கிடைப்பதில்லை.

அரசின் ஐயமே இக்கடிதங்களைக் காத்தது. பெருமைக்குரியவை என்று கருதி எவரும் இவற்றைச் சேமிக்கவில்லை. ஆதலால் வீர உரைகளோடு எருமையின் நோயும் நிலத் தகராறும் திருமணச் செலவும் சேர்ந்தே பதிவாயின. போற்றுதலின் பொருட்டுத் தொகுக்கப்பட்டிருந்தால் இவற்றுள் பெரும்பகுதி விடுபட்டிருக்கும்.

4. கடிதத்தில் பதிந்த நான்கு கைகள்

இக்கடிதங்களைச் சிப்பாயின் நேரடி வாக்குமூலமாகக் கொள்வது பிழையாகும். ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது நான்கு கைகளின் பணி உள்ளது. முதலாவது சிப்பாய். இரண்டாவது, எழுதத் தெரியாத சிப்பாய்க்காக எழுதிக்கொடுத்தவன். மூன்றாவது மொழிபெயர்ப்பாளன். நான்காவது, எந்தப் பகுதியை அறிக்கையில் சேர்ப்பது எனத் தீர்மானித்த தணிக்கையாளன்.

பெறும் முனையிலும் இதே நிலைதான். ஊரில் படிக்கத் தெரிந்த ஒருவர் கடிதத்தை உரக்கப் படிக்க, குடும்பமும் அண்டை வீட்டாரும் கேட்டனர். தபால்காரரோ பள்ளி ஆசிரியரோ படித்துச் சொல்லும் வழக்கம் தமிழ் ஊர்களிலும் நெடுங்காலம் இருந்தது. ஆகவே சிப்பாயின் கடிதம் தொடக்கத்திலிருந்தே பலர் செவிக்கு உரியது. கணவன் மனைவிக்குச் சொல்ல வேண்டியதைத் தந்தைக்கோ அண்ணனுக்கோ எழுதும் கடிதத்தின் ஓரத்தில் வைத்தான். நலம் விசாரிக்கும் நீண்ட பெயர் வரிசைகள், வணக்கங்கள், வாய்பாட்டுத் தொடர்கள் ஆகியவற்றைப் பொருளற்ற சடங்கெனத் தள்ளிவிட முடியாது. யாருடைய பெயர் முதலில் வருகிறது, யாருடைய பெயர் விடுபடுகிறது என்பதில் உறவின் நிலை வெளிப்படுகிறது. மொழிபெயர்த்த தணிக்கையாளர்க்கு இத்தகைய வாய்பாடுகள் தேவைப்படவில்லை. பகுதிகளை மட்டும் பெயர்த்தமையால், அறிக்கையில் எஞ்சியது பெரும்பாலும் ‘செய்தி’ என அவர் கருதியதே. ஆதலின் இன்று கிடைக்கும் கடிதங்களில் காணப்படும் நேரடித்தன்மை ஓரளவு வெட்டியெடுக்கப்பட்டதன் விளைவு என்பதை வாசகர் மறத்தலாகாது.

இதே போரின் மற்றொரு ஆவணம் இங்கு ஒப்பிடத்தக்கது. ஜெர்மனியின் வூன்ஸ்டார்ஃப் போர்க்கைதி முகாமில் 1915 முதல் 1918 வரையில் இந்தியக் கைதிகளின் பேச்சையும் பாட்டையும் மொழியியலாளர் ஒலித்தட்டுகளில் பதிவு செய்தனர். அங்கு தாய்மொழியும் குரலின் ஏற்ற இறக்கமும் எஞ்சியுள்ளன. ஆனால் பேச வைத்தவர் சிறைப்படுத்தியவர். கேட்பவர் யாரென அறியாமலே கைதி பேசினான். கடிதத்திலோ மொழி இழக்கப்பட்டது, விளி எஞ்சியது. தன் தந்தையை, தன் தம்பியை நோக்கிப் பேசுகிறோம் என்ற தெளிவு கடிதத்தில் உண்டு. சிப்பாயின் முழுக்குரல் எந்தவோர் ஆவணத்திலும் இல்லை என்ற அறிவோடுதான் இவ்வாசிப்பைத் தொடங்க வேண்டும்.

5. குறிப்புமொழியும் அன்றாடமும்

தம் கடிதங்கள் படிக்கப்படுகின்றன என்பதைச் சிப்பாய்கள் அறிந்திருந்தனர். அவ்வறிவே ஒரு குறிப்புமொழியை உருவாக்கியது. இந்தியப் படையினரைக் கருமிளகாகவும் ஆங்கிலேயரைச் சிவப்பு மிளகாயாகவும் குறித்து, எது தீர்ந்துவருகிறது, எது இன்னும் மிகுதியாக உள்ளது என்று எழுதிய கடிதங்கள் புகழ்பெற்றவை. சமையற்கட்டுப் பொருளைக் கூறுவதுபோல் இழப்பின் அளவைக் கூறும் இம்முறை, தமிழ் மரபில் உள்ளுறையும் இறைச்சியும் செய்யும் பணிக்கு அண்மையானது. சொல்லப்பட்டது வீட்டுப்பொருள், உணர்த்தப்பட்டது போர்க்களம். தோலைப் புண்ணாக்கும் சேராங்கொட்டை போன்றவற்றை ஊரிலிருந்து அனுப்புமாறு கேட்ட குறிப்புகளும் உண்டு. நோயாளியாகிக் களத்திலிருந்து விலகுவதே அவற்றின் நோக்கம். தம்பியைப் படையில் சேர வேண்டா எனத் தடுக்கும் செய்தியும் இத்தகைய மறைமொழியிலேயே சென்றது.

மறைமொழி தணிக்கையாளர்க்கும் விளங்கியது என்பதற்கு அறிக்கைகளே சான்று. ஆயினும் அவ்வாறான கடிதங்கள் அனைத்தும் நிறுத்தப்படவில்லை. நிறுத்துவதைவிடப் படித்தறிவதே அரசுக்குப் பயன்பட்டது.

வெளிப்படையாகவே களத்தின் கொடுமையை எழுதியவரும் இருந்தனர். காயம்பட்ட சிப்பாய் ஒருவன் 1915 தொடக்கத்தில் தான் கண்ட போரைப் பாரதப் போரோடு ஒப்பிட்டு, அதனை உலகம் அழியும் நிலையாகக் கண்டான். குணமடைந்தவரை மீண்டும் களத்துக்கே அனுப்புவது பற்றிய மனக்குறை அவ்வாண்டுக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. வீட்டுக்குத் திரும்புவதற்குக் காயம் வழியாகும் என்ற நம்பிக்கை அதனால் தகர்ந்தது.

அன்றாடச் செய்திகள் மற்றொரு வரலாற்றைக் கூறுகின்றன. பிரான்சின் ஊர்களில் தங்கிய குதிரைப்படையினர் அங்குள்ள வேளாண்மையையும் பெண்களின் கல்வியையும் வியந்து எழுதினர். ஊரிலுள்ள பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புமாறு வேண்டினர். நகைக்கும் வழக்குக்கும் பணத்தை வீணாக்க வேண்டா என்றனர். போர்க்களத்திலிருந்து மகளின் படிப்பைப் பற்றி எழுதியவனை, மாண்டவர் எண்ணிக்கையிலோ வீரப் பட்டியலிலோ காண இயலாது. அவனைக் காட்டுவது கடிதம் ஒன்றே.

6. பாசறையும் இல்லமும்: ஒரு திணைசார் வாசிப்பு

போர்க்களத்திலிருந்து இல்லத்தை நினைத்தலைத் தமிழ் மரபு முல்லையில் வைத்தது. ஐங்குறுநூற்றில் பேயனார் பாடிய முல்லைப் பகுதியில் ‘பாசறைப் பத்து’ என்றே ஒரு பத்து அமைந்துள்ளது. முல்லைப்பாட்டில் நப்பூதனார், பாசறையில் உறக்கமின்றிப் புண்பட்ட களிறுகளையும் வீரரையும் நினைக்கும் வேந்தனையும் இல்லத்தில் ஆற்றியிருக்கும் தலைவியையும் அடுத்தடுத்து நிறுத்துகிறார். சிப்பாய்க் கடிதங்களின் அடிப்படை அமைப்பும் இவ்விரு வெளிகளின் இணைப்பே ஆகும். பஞ்சாபியர் எழுதிய கடிதத்துக்கு முல்லை மூலமாகும் என்று இங்குக் கூறப்படவில்லை. பிரிவு, பாசறை, காத்திருப்பு ஆகியவற்றின் உறவை நுட்பமாக வகைப்படுத்திய ஓர் இலக்கணம், பிறமொழிப் பனுவலையும் தெளிவாகக் காண உதவும் என்பதே வாதம்.

இக்கருவி எங்கே பொருந்தவில்லை என்பதைக் காண்பது அதைவிடப் பயனுடையது. முதல் வேறுபாடு காலம். முல்லையின் இருத்தல், கார்ப்பருவத்தில் திரும்புவேன் என்ற சொல்லை நம்பி நிற்கிறது. பருவம் பொய்த்தாலும் தலைவன் சொல் பொய்க்காது என்பதே அதன் உறுதிப்பாடு. 1915-ஆம் ஆண்டுச் சிப்பாயால் அத்தகைய சொல்லைக் கொடுக்க இயலவில்லை. திரும்பும் நாளைத் தீர்மானிப்பது அவன் கையில் இல்லை. அவன் அறிந்த பருவங்களும் அந்நாட்டில் இல்லை. முல்லையாகத் தொடங்கும் கடிதம் நெய்தலின் இரங்கலை நோக்கிச் செல்வது இதனாலேயே. மற்றொரு வேறுபாடு பேசுவோர் பற்றியது. அகப்பாடலில் தலைவிக்கும் தோழிக்கும் கூற்று உண்டு. கடிதத் தொகுதியிலோ பெண்கள் எழுதியவை மிகச் சில. காத்திருப்பவளின் குரலைச் சிப்பாயின் பதிலிலிருந்தே ஊகிக்க வேண்டியுள்ளது.

மூன்றாவது வேறுபாடு பெயர். அன்பின் ஐந்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய விதி. நெடுநல்வாடையில் வேப்பந்தார் சூடிய வேலைக் குறித்தமையால் பாண்டியன் சுட்டப்பட்டான் எனக் கொண்டு, அது புறமாகும் என நச்சினார்க்கினியர் கருதினார். அப்பாட்டில் வேந்தன் நள்ளிரவில் பாசறையிலுள்ள புண்பட்ட வீரரைக் காணச் செல்கிறான், அவ்வீரரோ பேசவில்லை. சிப்பாயின் கடிதத்தில் பேசுபவன் அந்தப் புண்பட்ட வீரனே. அவன் பெயர், பிரிவு, ஊர், பெறுநரின் பெயர் ஆகியன குறிக்கப்படுகின்றன. கூறப்படுவதோ பெரும்பாலும் அகப்பொருள். பெயர் சுட்டிய அகம் என்ற இந்நிலை, பழைய பகுப்புக்குள் அடங்காதது. கடிதத்தைப் புறத்தின் சான்றாக மட்டும் கொண்டால் அதன் வீட்டு முகம் மறையும். அகமாக மட்டும் கொண்டால், அவ்வகத்தைப் பிரித்துப் படித்த அரசு மறையும்.

7. தமிழாக்கத்தின் பொறுப்பு

இக்கடிதங்களைத் தமிழில் பெயர்ப்பவர் ஆங்கிலத்திலிருந்தே பெயர்க்க வேண்டியுள்ளது. பஞ்சாபியோ உருதுவோ ஆங்கிலமாகி, பின் தமிழாகும் இப்பயணத்தில் சில சொற்கள் தனிக்கவனம் கோருகின்றன. அவற்றுள் ஒன்று ‘இஸ்ஸத்’. ஓமிசி உட்பட ஆய்வாளர் பலர் இதனைச் சிப்பாயின் மனவுலகைத் திறக்கும் சொல்லாகக் கொள்கின்றனர். குடும்பம், சாதி, படைப்பிரிவு ஆகியோர் முன்னிலையில் ஒருவனுக்குள்ள மதிப்பை அது குறிக்கும். அதனைத் தமிழில் ‘மானம்’ என்றால் உயிர்விடும் வீரனும், ‘புகழ்’ என்றால் நடுகல்லும் நினைவுக்கு வரும். ‘கௌரவம்’ என்பதே சிப்பாயின் ஊர்சார்ந்த கவலைக்கு நெருக்கமாக அமைகிறது.

மற்றொன்று ‘நமக்’, அதாவது உப்பு. அரசின் உப்பைத் தின்றதால் விசுவாசம் காக்க வேண்டும் என்ற தொடர் கடிதங்களில் பலமுறை வருகிறது. தமிழில் இதற்குச் ‘செஞ்சோற்றுக் கடன்’ என்ற நிகரன் ஆயத்தமாக உள்ளது. அச்சொல்லோடு கர்ணனின் முழு அவலமும் உடன்வந்து விடுகிறது. ஊதியத்துக்காகப் படையில் சேர்ந்து, தணிக்கையாளர் படிப்பார் என்பதை அறிந்து, வாய்பாடாக உப்பைக் குறிப்பிட்ட ஒருவனைக் கர்ணனாக்குவது மொழிபெயர்ப்பு செய்யும் தீர்ப்பாகிவிடும். ‘உப்பு’ என்றே பெயர்த்தால், அது உண்மை உணர்வா, காப்பு வாய்பாடா என்னும் ஐயம் வாசகர்க்கு எஞ்சும். அவ்வையத்தை எஞ்சவிடுவதே மொழிபெயர்ப்பாளரின் கடமை.

8. கடைசிக் கடிதமும் பிற கடிதங்களும்

விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் சிப்பாய்க் கடிதம் என்றதும் பொதுநினைவுக்கு வருவது களத்தில் மாண்டவரின் கடைசிக் கடிதமாகும். கார்கில் போரில் 1999 ஜூன் 29 அன்று, 22-ஆம் வயதில் மாண்ட இராஜபுதனத் துப்பாக்கிப் படையின் கேப்டன் விஜயந்த் தாப்பர், தம் குடும்பத்தினர்க்கு விட்டுச்சென்ற கடிதம் இதற்குச் சான்று. தாம் இறந்தால் மட்டுமே சேர வேண்டும் என எழுதப்பட்ட அக்கடிதம், அச்சிலும் மேடையிலும் பலமுறை எடுத்தாளப்பட்டுள்ளது. பொதுவெளியில் அதற்குக் கிட்டத்தட்ட நடுகல்லின் நிலை வாய்த்துள்ளது.

அக்கடிதத்தின் ஆற்றல் அதன் வீர உரையில் மட்டும் இல்லை. தாம் போரிட்ட இடத்தை வந்து பார்க்குமாறு குடும்பத்தை அழைத்தபின், தாம் உதவி வந்த ஒரு சிறுமிக்கு மாதந்தோறும் 50 ரூபாய் தொடர்ந்து கொடுக்குமாறு அவர் வேண்டுகிறார். இறப்பை எதிர்நோக்கிய இளைஞர் ஒருவரின் எண்ணம் ஒரு சிறு தொகையின் தொடர்ச்சியில் நிற்கிறது. பொதுநினைவு இக்கடிதத்தைப் பெருமையின் பனுவலாகக் காத்தாலும், படிப்பவரை நிறுத்துவது வீட்டுக் கணக்கைப் போன்ற இந்த வேண்டுகோளே.

கடைசிக் கடிதத்தை மட்டும் போற்றும் வழக்கத்தால் ஓர் இழப்பும் நேர்கிறது. உயிரோடு திரும்பியவரின் கடிதங்கள் மதிப்பிழக்கின்றன. மாண்டவரின் முந்தைய கடிதங்களும், கடைசிக் கடிதத்தின் நிழலில் மறைகின்றன. தணிக்கையாளரின் ஐயம் நூறாண்டுக்கு முன் காத்த அன்றாடத்தைப் போற்றுதல் காக்கத் தவறுகிறது.

9. திருவண்ணாமலை வட்டாரமும் தொகுக்கப்பட வேண்டிய கடிதங்களும்

திருவண்ணாமலை மாவட்டம் 1989 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அவ்வட்டாரத்தில் தலைமுறைதோறும் படைக்கு ஆள் அனுப்பும் ஊர்கள் பல. இன்றைய வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை ‘இராணுவப்பேட்டை’ என்றே வழங்கப்படுகிறது. இரண்டாம் உலகப்போரின்போது மதராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் உருவாக்கப்பட்டபின் தமிழர்க்குக் காலாட்படை வாயில் மறுபடி திறந்தது. 1962, 1965, 1971 ஆகிய ஆண்டுகளின் போர்களிலும், 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படையிலும், 1999-இன் கார்கில் போரிலும் தமிழ்ச் சிப்பாய்கள் இருந்தனர். அமைதிப்படையிலிருந்த தமிழ்ச் சிப்பாய், தன் மொழி பேசுவோர் வாழும் மண்ணில் ஆயுதம் ஏந்தி நின்றபோது வீட்டுக்கு எழுதியது என்ன என்பது தமிழ் ஆய்வுக்கு மிக முதன்மையான வினா.

இக்கடிதங்கள் வேற்றுமொழியில் பெயர்த்தறிய வேண்டாதவை. அஞ்சலட்டையிலும் இன்லேண்டிலும் எழுதப்பட்டு, ‘56 ஏ.பி.ஓ.’ அல்லது ‘99 ஏ.பி.ஓ.’ என்ற முகவரியோடு வந்தவை. அம்முகவரி இடத்தைக் காட்டாதது. மகன் எந்த மலையில், எந்த எல்லையில் நிற்கிறான் என்பதை அறியாமலே தாய் பதில் எழுதச் சொன்னாள். இடம் அறியாத விளி என்னும் இந்நிலையே தனி ஆய்வுக்குரியது. கைப்பேசி பரவியபின் இவ்வெழுத்து வகை ஏறக்குறைய நின்றுவிட்டது. எழுதியவர் பலர் முதுமையில் உள்ளனர். படைப்பணியிலிருந்து கொண்டுவந்த டிரங்குப் பெட்டியில் ஓய்வூதியத் தாள்களோடு கிடக்கும் கடிதங்கள், வீடு மாறும்போதும் பாகம் பிரியும்போதும் முதலில் கழிக்கப்படுபவை.

இவற்றைத் தொகுக்கும் முறையில் மூன்று நெறிகள் இன்றியமையாதவை. முதலாவது, குடும்பத்தின் இசைவு. கடிதம் எழுதியவருக்கும் பெற்றவருக்கும் உரியது, ஆய்வாளருக்கு உரியதன்று. இரண்டாவது, முழுமை, நலவிசாரிப்பையும் வாய்பாட்டையும் எழுத்துப் பிழையையும் வட்டார வழக்கையும் நீக்காமல் பதிவு செய்தல் வேண்டும். தணிக்கையாளர் செய்த வெட்டை ஆய்வாளரும் செய்தலாகாது. மூன்றாவது, பதில்கள்; வீட்டிலிருந்து சென்ற கடிதங்களும், அவை எஞ்சாத இடத்தில் பெண்களின் வாய்மொழி நினைவும் உடன் தொகுக்கப்பட வேண்டும். இது மாநிலப் பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறைகளும் வரலாற்றுத் துறைகளும் இணைந்து செய்யத்தக்க பணி.

முடிவுரை

செங்கத்தில் எழுந்த கல் ஒரு வீரனின் பெயரையும் அவனோடு நின்ற நாயின் பெயரையும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காத்துவருகிறது. இருபதாம் நூற்றாண்டின் பேரரசு தன் பொருட்டு மாண்ட பலரை எண்ணிக்கையாக எழுதியது. அதே பேரரசின் தணிக்கை அலுவலகம், நோக்கம் வேறாக இருந்தும், சிப்பாய்களின் வீட்டுப் பேச்சைச் சேமித்தது. இம்மூன்றையும் ஒருங்குவைத்துக் காணும்போது கடிதத்தின் தனித்தன்மை புலனாகிறது. பெயர் சுட்டிய அகமாக அது நிற்கிறது. புறத்தின் கொடுமையை வீட்டுச் சொற்களில் கூறுகிறது. படிக்கும் மூன்றாம் கண்ணை அறிந்து தன் மொழியை மாற்றிக்கொள்கிறது.

முல்லைத் திணையின் இலக்கணம் இக்கடிதங்களின் அமைப்பை விளக்க உதவுகிறது. அது பொருந்தாத இடங்களில் நவீனப் போரின் இயல்பு வெளிப்படுகிறது. தமிழாக்கம் செய்வோர் வீரமரபின் சொற்களை எளிதில் கையாளாமல், சிப்பாயின் ஐயங்களை எஞ்சவிடுதல் வேண்டும். பிரான்சிலிருந்து எழுதிய பஞ்சாபிச் சிப்பாயின் கவலைகளை இன்று அறிய முடிகிறது. திருவண்ணாமலைச் சிற்றூரொன்றிலிருந்து சென்ற சிப்பாயின் கவலைகளையும் அவ்வாறு அறிவதற்குத் தேவையான கடிதங்கள் வீடுகளில் எஞ்சியிருக்கும் காலம் நீண்டதன்று. அக்காலத்துக்குள் அவற்றைத் தேடிச் செல்வது தமிழ் ஆய்வின் உடனடிக் கடமையாகும்.